டிரையல்ஸ் சைக்கிளில் ஆல்ஃபைன் 8 கியர் ஹப்: தினசரி ஓட்டத்துக்குச் சரிப்படுமா?

ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி எவ்வளவு நகர்கிறது என்று கணக்குப் போட்டாலே, தடைகள் மேல் தாவி ஏறுவதற்கென்றே செய்த டிரையல்ஸ் சைக்கிளின் சிக்கல் விளங்கிவிடும். 26 அங்குல வண்டியில் வழக்கமாக முன்னால் 18 பல், பின்னால் 15 பல். விகிதம் 1.2. டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் சுற்றளவு 2.08 மீட்டர் என்று வைத்தால், ஒரு சுற்றுக்கு 2.5 மீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று விடாமல் மிதித்தாலும் மணிக்கு 12 கிலோமீட்டரைத் தாண்டாது. பின்சக்கரத்தில் நின்று பாறைக்குப் பாறை தாவ இது கச்சிதமான கியர். வேலைக்குப் போய்வர இதை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதுதான்.

கியர் மாட்ட நினைப்பவர்களின் கண் முதலில் போவது ஷிமானோ ஆல்ஃபைன் 8 மீது. எட்டு கியரும் பின்ஹப்பின், அதாவது பின்சக்கரத்தின் நடுக்கூட்டின், வயிற்றுக்குள்ளேயே இருக்கும். வெளியே ஒரே பல்சக்கரம், ஒரே செயின். பொருள் நல்ல பொருள்தான். 26 அங்குல டிரையல்ஸ் ஃபிரேமில் பொருந்தவும் செய்கிறது. ஆனால் பின்சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால் காசு தண்டம். பாதி வேலை முன்னால், மிதியைத் தாங்கும் கிராங்கில் இருக்கிறது.

சாதாரண கியர் சைக்கிள் போல, செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் தள்ளும் டீரெய்லர் மாட்டினால் என்ன? அதைத் தொங்கவிட ஃபிரேமில் ஒரு காது வேண்டும். பெரும்பாலான டிரையல்ஸ் ஃபிரேம்களில் அது கிடையாது. ஆக்ஸிலோடு சேர்த்து இறுக்கும் தனிக் காது வாங்கலாம்தான். அது மெல்லிய தகடு உள்ள சாதாரண ஃபிரேமுக்கு ஆனது. டிரையல்ஸ் ஃபிரேமில் ஆக்ஸில் உட்காரும் பின்காடி தடித்த அலுமினியத்தில் கடைந்தது, அதில் அந்தக் காதின் சின்ன போல்ட் சரியாகப் பிடிக்காது. உங்கள் ஃபிரேமில் காடி செங்குத்தாக இருந்து, காதும் இருந்தால் (பழைய 26 அங்குல வண்டிகள் சிலவற்றில் இருக்கும்) ஆல்ஃபைனை மறந்துவிடுங்கள். 8 வேக கேசட் (பல்சக்கர அடுக்கு), குட்டை டீரெய்லர் என்று போவதே எளிது, எடையும் குறைவு. கீழே வருவதெல்லாம் படுக்கைவாட்டுக் காடி உள்ளவர்களுக்கு.

வாங்குவதற்கு முன் பின்காடிகளின் இடைவெளியை உட்புறமாக அளந்துகொள்ளுங்கள். ஆல்ஃபைன் 8 கேட்பது 135 மில்லிமீட்டர். 26 அங்குல டிரையல்ஸ் ஃபிரேம்களில் பெரும்பாலும் அதுவே இருக்கும். 20 அங்குல 'மாட்' வண்டியில் 116 மில்லிமீட்டர்தான். அலுமினிய ஃபிரேமை நெம்பி விரிப்பது என்ற பேச்சே வேண்டாம். குறுகிய ஆக்ஸில் உள்ள 3 வேக ஹப் தேடிப் பிடித்து மாட்டலாம். ஆனால் அந்தக் குட்டிச் சக்கரத்துக்கு அவ்வளவு மெனக்கெடல் தேவையா என்பது வேறு கேள்வி.

இப்போது கிராங்குக்கு வருவோம். டிரையல்ஸ் வண்டியில், மிதிக்காதபோதும் வண்டியை ஓடவிடும் ஃப்ரீவீல் பின்னால் இல்லை, முன்னால் வலது கிராங்கின் மீது திருகியிருக்கும். செயின்வீலைப் பிடிக்கும் நட்சத்திர வடிவத் தாங்கியும் இல்லை, பெரிய செயின்வீல் மாட்ட இடமும் இல்லை. அந்த 18 பல்லை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் ஆல்ஃபைனின் 18 பல் சக்கரத்தைப் போட்டால் விகிதம் 1. ஹப்பின் உள் விகிதங்கள் 0.527, 0.644, 0.748, 0.851, 1.000, 1.223, 1.419, 1.615. பழைய ஒற்றைக் கியரின் 1.2 என்ற எண்ணோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் ஐந்து கியரும் அதைவிட லேசு. ஆறாவது கிட்டத்தட்ட அதேதான். மிச்சம் இரண்டே கியர், அதிலும் எட்டாவதில் 80 சுற்றுக்கு மணிக்கு 16 கிலோமீட்டர். அதாவது எட்டு கியர் வாங்கி இரண்டைப் பயன்படுத்துவது.

வேகம் போகாததுகூடப் பரவாயில்லை, ஹப் உடைந்துபோகும். 80 கிலோ எடையுள்ளவர் 175 மில்லிமீட்டர் கிராங்கின் மிதிமேல் முழு எடையோடு நின்றால் கிராங்கில் 137 நியூட்டன் மீட்டர் முறுக்கு. முன்னும் பின்னும் 18 பல் என்றால் அவ்வளவும் அப்படியே ஹப்புக்குள் இறங்கும். முன்னால் 36 பல் இருந்தால் அதில் பாதிதான் போகும். முன் பல், பின் பல்லைப் போல இரண்டு மடங்கை ஒட்டி இருக்க வேண்டும் என்று வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஹப்புக்குள் இருப்பவை, நடுப்பல்லைச் சுற்றி ஓடும் சின்னச் சின்னக் கோள்பற்கள். மெதுவாக நசுங்கித் தேயும், ஒருநாள் கியர் வழுக்கத் தொடங்கும்.

ஆகவே கிராங்க் செட்டையே மாற்ற வேண்டும். நல்ல செய்தி, கிராங்கின் தண்டு சுழலும் அடி பிராக்கெட்டின் கூடு பெரும்பாலும் 68 அல்லது 73 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரணத் திருகுக் கூடுதான். 24 மில்லிமீட்டர் தண்டும் வெளிப்புற பேரிங்கும் உள்ள மலைச் சைக்கிள் கிராங்க் நேராகப் போய் உட்காரும். பழைய கிராங்கைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. டிரையல்ஸ் கிராங்குகள் பெரும்பாலும் ஐசிஸ் என்ற பல்வரித் தண்டில் இருக்கும். கிராங்கை இழுத்துக் கழற்றும் புல்லரில், சதுரத் தண்டுக்கானதன் முனை ஒல்லி. அது தண்டின் துளைக்குள்ளேயே நுழைந்து திருகைக் கெடுத்துவிடும். அகல முனை உள்ள புல்லர் வேண்டும். ஃப்ரீவீலைத் தனியே கழற்ற முயலாதீர்கள். மாதக்கணக்கில் குதித்துக் குதித்து அது இறுகிப்போயிருக்கும். கிராங்கோடு சேர்த்துக் கழற்றி அப்படியே எடுத்து வையுங்கள்.

எத்தனை பல் போடுவது? 36க்கு 18 போட்டால் ஐந்தாவது கியரில் 80 சுற்றுக்கு மணிக்கு 20, எட்டாவதில் 32 கிலோமீட்டர். காகிதத்தில் அழகாக இருக்கிறது. 36 பல் செயின்வீலின் ஆரம் 73 மில்லிமீட்டர்; 18 பல்லுக்கு 37தான். டிரையல்ஸ் ஃபிரேமின் வலது செயின்ஸ்டே (அடி பிராக்கெட்டிலிருந்து பின்காடிக்குப் போகும் குழாய்) அந்தக் குட்டிச் சக்கரத்தை நம்பி, தடிப்பாக, மையத்தை ஒட்டியே வரும். பெரிய செயின்வீல் அதில் உரசும். ஓர் அட்டையை 79 மில்லிமீட்டர் ஆரத்தில் வட்டமாக வெட்டி (செயினுக்கு 6 சேர்த்து), நடுவில் துளையிட்டு, செயின் ஓடும் தளத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். செயின்ஸ்டேக்கும் அட்டைக்கும் நடுவே 3 மில்லிமீட்டராவது வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் 32 பல்லுக்கு இறங்குங்கள், அட்டை 71 மில்லிமீட்டர். 32க்கு 18 என்பது 1.78, ஐந்தாவதில் மணிக்கு 17.7, ஆறாவதில் 21.7, எட்டாவதில் 28.7. உட்கார்ந்து ஓட்டுபவருக்கு இது போதும், ஆனால் முதல் கியரில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள். 32 பல்லும் நுழையவில்லை என்றால் இந்த ஃபிரேமுக்கு இந்த ஹப் இல்லை என்று விட்டுவிடுவதே நல்லது.

செயின் நேர்கோட்டைச் சரிசெய்ய ஆல்ஃபைனில் ஒரு வசதி. பின் பல்சக்கரம் தட்டு போல லேசாகக் குழிந்திருக்கும். திருப்பிப் போட்டால் செயின் கோடு சில மில்லிமீட்டர் தள்ளிப்போகும். இரண்டு பக்கமும் போட்டு, நீள அடிக்கோலை முன்பல்லில் வைத்துப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். செயின் புதிதாக வாங்க வேண்டும். டிரையல்ஸின் எட்டில் ஒரு அங்குலச் செயினை இதில் ஓட்டலாம், தடதடக்கும்.

பின்காடியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கியர் ஹப்பின் ஆக்ஸில் சும்மா உட்கார்ந்திருக்காது, மிதிக்கும்போது திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கத் திரும்பாத வாஷர் இரண்டு உண்டு. அவற்றின் நாக்கு காடிக்குள் இறங்கி நிற்கும். வலது, இடது என்று தனித்தனி, காடியின் கோணத்துக்கு ஏற்பவும் தனித்தனி. பெட்டியில் செங்குத்துக் காடிக்கானது வந்திருந்தால் படுக்கைவாட்டுக் காடிக்கு உரியதைக் கேட்டு வாங்க வேண்டும். தவறானதைப் போட்டு இறுக்கினால் கேபிள் வரும் திசை கோணலாகி, கியர் ஒருநாளும் சரியாக விழாது.

டிரையல்ஸ் வண்டியில் செயினை இழுத்துப் பிடிக்கும் நத்தை வடிவக் கேம் ஆக்ஸிலில் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். ஆல்ஃபைனின் ஆக்ஸில் நீளம் 187 மில்லிமீட்டர். 135 போக, ஒவ்வொரு பக்கமும் 26தான் வெளியே. காடியின் தடிப்பு, வாஷர், கேம், நட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். காடி 10 மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தால் நட் முழுத் திருகும் பிடிக்காது. அந்த நிலையில் கேமைக் கழற்றிவிட்டு, கையால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து நட்டை இறுக்குங்கள். நட்டுக்கு 15 ஸ்பேனர், இறுக்கம் 30 முதல் 45 நியூட்டன் மீட்டர்.

செயினை எவ்வளவு இறுக்குவது என்பதில் டிரையல்ஸ்காரர்களுக்குக் கை பழகிப்போன ஒரு கெட்ட வழக்கம் உண்டு: தம்பூரா தந்தி மாதிரி. கியர் ஹப்புக்கு அது ஆகாது. நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக 10 முதல் 15 மில்லிமீட்டர் ஆட வேண்டும். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும்.

கியர் கேபிளுக்கு ஃபிரேமில் கொக்கிகள் இருக்காது. ஹேண்டிலில் உள்ள கியர் மாற்றியிலிருந்து (ஷிஃப்டர்) ஹப் வரை முழு உறையோடு கொண்டுபோய், பிளாஸ்டிக் பட்டையால் கட்டுங்கள். ஹேண்டிலை முழுதாகத் திருப்பினாலும் உறை இழுபடாத அளவு தளர்வு விடுங்கள். பிறகு ஷிஃப்டரை எட்டுக்குக் கொண்டுபோய், நாலாவதுக்கு இறக்கி, ஹப் மேலுள்ள இரண்டு மஞ்சள் கோடுகளும் ஒரே நேரில் நிற்கிறதா என்று பாருங்கள். விலகி இருந்தால் ஷிஃப்டர் முனையில் உள்ள திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நேராக்க வேண்டும். புதுக் கேபிள் முதல் சில வாரங்களில் நீளும். அப்போது கியர் வழுக்கினால் ஹப்பைக் குறை சொல்வதற்கு முன் கோட்டைப் பாருங்கள்.

பிரேக் பக்கம் ஒரு பொறி. வண்டியில் மகுரா எச்எஸ்33 போன்ற ஹைட்ராலிக் ரிம் பிரேக் இருந்தால், அதன் கட்டைகள் டிரையல்ஸின் 47 மில்லிமீட்டர் ரிம்முக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருக்கும். கட்டை நகரும் தூரம் சில மில்லிமீட்டர்தான். கியர் ஹப்பை 25 மில்லிமீட்டர் ரிம்மில் கட்டினால் கட்டை ரிம்மைத் தொடவே தொடாது. ஆகவே அதே அகல ரிம்தான். ஆனால் கிரைண்டர் போட்டுச் சொரசொரப்பாக்கிய ரிம் வேண்டாம். சாலையில் அது கட்டையை அரைத்துத் தின்றுவிடும், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும். வழவழப்பான ரிம், அதற்கேற்ற கட்டை. காற்றையும் கண்டபடி ஏற்றாதீர்கள். அந்த ரிம்களில் எடை குறைக்கப் பெரிய துளைகள் இருக்கும். டியூப் ரிம் டேப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே பிதுங்கும். டிஸ்க் பிரேக் ஃபிரேம் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆல்ஃபைனில் சென்டர்லாக் டிஸ்க் மாட்டும் இடம் உண்டு.

ஓட்டத்தில் ஹப் எப்படி? அமைதி. டிரையல்ஸ் ஃப்ரீவீலின் கிர்ர் சத்தம் பழகியவர்களுக்கு முதலில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். வண்டி நின்றிருக்கும்போதே கியர் மாற்ற முடிவது சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் சாலையில் பெரிய சுகம். மாற்றும் கணத்தில் மட்டும் மிதியின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். கியர்களுக்கு இடையே படிகள் சமமாக இல்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்கும், ஐந்திலிருந்து ஆறுக்கும் 22 சதவீதத் தாவல். மற்றவை 14 முதல் 18 சதவீதத்துக்குள். எதிர்க்காற்றில் அந்த ஐந்து–ஆறு இடைவெளி உறுத்தும். எடை ஏறக்குறைய 1.7 கிலோ, முழுக்கப் பின்னால். வண்டியைத் தூக்கும்போதே தெரியும். மிதியில் கடி விழுவதற்கு முன் சின்ன வெற்றசைவும் உண்டு. இந்தச் சக்கரத்தோடு பின்சக்கரத்தில் குதிப்பது, திண்டு ஏறுவது எதுவும் கூடாது. பற்கள் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

பராமரிப்பு குறைவு. முதல் 1,000 கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை உள்பாகத்தை எடுத்து அதற்கான எண்ணெயில் முக்கி எடுக்க வேண்டும். பஞ்சர் ஆனால் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும்: ஷிஃப்டரை ஒன்றுக்குக் கொண்டுவந்து, ஹப் மேலுள்ள துளையில் 2 மில்லிமீட்டர் ஆலன் சாவியைச் செருகித் திருப்பினால் கேபிள் தளர்ந்து கழன்றுவரும். அந்தச் சாவியும் 15 ஸ்பேனரும் பையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சீட்டே இல்லாத ஃபிரேம் வைத்திருப்பவர்கள் இதில் ஒரு போல்ட்டைக்கூட வாங்க வேண்டாம். நின்றுகொண்டே மிதித்தால் முழு எடையும் ஹப்புக்குள் போகும், கால் முட்டியும் கேட்காது. சீட் உள்ள ஃபிரேமில், பழைய சக்கரத்தையும் கிராங்கையும் செயினையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்தால், அரை நாள் வேலையில் வண்டி மறுபடி பாறை ஏறத் தயார். அடி பிராக்கெட் கூட்டின் திருகில் மட்டும் ஒவ்வொரு முறையும் கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.