ஒன்று அலறினால் எல்லாம் அலற வேண்டும்: பேட்டரி அலாரமா, மின்கம்பி அலாரமா?

ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி 1 முதல் சொந்த வீடு, வாடகை வீடு எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். அதிகம் புழங்கும் அறையில் ஒரு புகை அலாரம், ஒவ்வொரு தளத்தின் நடைவழியிலும் ஒன்று, சமையலறையில் ஒரு வெப்ப அலாரம். எல்லாம் உட்கூரையில் இருக்க வேண்டும், ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். 2017இல் லண்டனில் நடந்த கிரென்ஃபெல் தீ விபத்துக்குப் பிறகு வந்த கட்டாயம் இது. சமையலறையில் தீப்பிடித்தால், மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குபவரின் தலைமாட்டருகிலேயே அலாரம் அலற வேண்டும் என்பதே நோக்கம்.

இணைப்பதற்கு இரண்டு வழிகளைச் சட்டம் ஏற்கிறது. ஒன்று, கழற்ற முடியாதபடி மூடி முத்திரையிட்ட லித்தியம் பேட்டரி அலாரம். இது ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும், வைஃபை தேவையில்லை. ஏணியும் துளையிடும் கருவியும் இருந்தால் நாமே மாட்டிவிடலாம். மூன்று புகை அலாரம், ஒரு வெப்ப அலாரம், எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு ஓர் அலாரம் என்று நாமே பொருத்திக்கொள்ள ஏறக்குறைய 220 பவுண்டு ஆகும் என்று அரசு அப்போது கணக்கிட்டது. மற்றொன்று, வீட்டு மின்சாரத்தில் ஓடும் அலாரம். அதற்குத் தகுதிபெற்ற எலக்ட்ரீஷியன் வர வேண்டும், கம்பி இழுக்க வேண்டும், உட்கூரையைக் கிழித்துப் பூச வேண்டும்.

மின்கம்பி என்றால் காலத்துக்கும் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. புகையை உணரும் பகுதிக்கு வயதாகிவிடுவதால் அதையும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஆகவே குடியிருக்கும் வீட்டுக்கு நான் பேட்டரியையே சொல்வேன். வீட்டுக்கு முழுதாக மறு வயரிங் செய்கிறீர்கள் என்றால் மட்டும் மின்கம்பிக்குப் போங்கள். எதை வாங்கினாலும் ஒரே நிறுவனத்தின் அலாரங்களாக வாங்குங்கள். வேறு வேறு நிறுவனத்துடையவை பெரும்பாலும் ஒன்றோடொன்று இணையாது.

சமையலறையில் புகை அலாரத்தை மாட்டிவிடாதீர்கள். காய்ந்த மிளகாயும் கடுகும் தாளிக்கும் நம் வீடுகளில் அது தினமும் கத்தும். எரிச்சலில் யாராவது துணியைச் சுற்றி மூடிவிடுவார்கள், ஆபத்து அங்கேதான். வெப்ப அலாரம் சூடு சுமார் 58 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் ஒலிக்கும்; தாளிப்புப் புகைக்கு அசையாது.

எரிபொருளில் ஓடும் பாய்லர் (வீட்டைச் சூடாக்கும் கருவி), கணப்பு போன்றவை இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். இதை மற்றவற்றோடு இணைக்கச் சட்டம் கேட்கவில்லை. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாய்லர் கீழே, படுக்கையறை மேலே என்றால் இணையும் வகையையே வாங்குங்கள்.

இங்கிலாந்தின் விதி இதைவிடத் தளர்வானது. 2022 அக்டோபர் 1 முதல் வாடகை வீடுகளில் தளத்துக்கு ஒரு புகை அலாரம், எரிபொருள் கருவி பொருத்திய அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம்; காஸ் அடுப்புக்கு விலக்கு உண்டு. மீறும் வீட்டுக்காரருக்கு 5,000 பவுண்டு வரை அபராதம். ஆனால் இணைப்பைப் பற்றி அந்த விதியில் ஒரு சொல்கூட இல்லை. நடைவழியில் ஒற்றை அலாரம் கத்துவது மாடிக்குக் கேட்குமா? அங்கே வாழும் உறவினர்களிடம் இணைந்த அலாரங்களையே வாங்கச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் ஞாயிறு சோதனை நாள். சமையலறை அலாரத்தின் பொத்தானை நான் அழுத்துகிறேன், மகள் மாடியில் நின்று காதைப் பொத்திக்கொண்டு, "கேட்குதுப்பா!" என்று கத்துகிறாள். அலாரத்தின் விளிம்பில் மாற்ற வேண்டிய ஆண்டு அச்சாகியிருக்கிறது: 2031.