கரையில் நன்றாகத்தான் எரிந்தது

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, மீனவர்கள் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு போய் ஆட்களை மீட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். கடலூர் பக்கத்திலிருந்து எங்கள் ஊர்ப் பையன்களும் போனார்கள். திரும்பி வந்தவர்கள் எல்லோரும் சொன்ன குறை ஒன்றுதான்: இரவில் வெளிச்சம் இல்லை. செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு படகு ஓட்டியிருக்கிறார்கள்.

அதை மனதில் வைத்து, சில வருடம் கழித்து ஊரில் வசூல் செய்தோம். பழைய 16 அடி பைபர் படகு ஒன்றை வாங்கி மீட்புக்கென்றே ஒதுக்கினோம். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். லைட், வயர்லெஸ், தண்ணீர் இறைக்கும் பம்பு எல்லாம் பொருத்த ஒரு ஆளைத் தேடினோம். ஆள் கிடைத்தார். கடை பெயரைச் சொல்லப்போவதில்லை. அவரை மாதிரி நாலு பேர் எல்லாத் துறைமுகத்திலும் இருக்கிறார்கள், அதனால் வேலையை மட்டும் சொல்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடந்ததால் அவருக்குக் கை நிறைய வேலை. ஆனாலும் இரண்டே நாளில் முடித்தார். "எல்லாம் மரைன் சாமான் தம்பி, பத்து வருஷத்துக்குக் கை வைக்க வேண்டாம்" என்றார். 46,500 ரூபாய். மாலையில் மணலிலேயே சுவிட்சைப் போட்டுக் காட்டினார். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், சர்ச் லைட், இரண்டு பக்கமும் எல்இடி பட்டை, சிவப்பு, பச்சை, மேலே ஒரு வெள்ளை. திருவிழா மாதிரி இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், அதை மறைப்பானேன்.

ஐந்தாவது மாதம், வாடைக்காற்று தொடங்கிய ஒரு இரவில், முகத்துவாரத்தில் ஒரு வள்ளம் கவிழ்ந்தது. நாலு பேர் தண்ணீரில். எங்கள் படகை இறக்கினோம். சர்ச் லைட் மஞ்சளாக அழுதது. இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சரி, எல்இடியைப் போடு என்றேன். போட்டதும் வயர்லெஸ்ஸில், அவசரத்துக்குக் கூப்பிடும் 16-ஆம் சேனல் முழுக்க இரைச்சல். கரையிலிருந்து கூப்பிடுகிறார்கள், ஒரு வார்த்தை பிடிபடவில்லை. விளக்கை அணைத்தால் பேச்சு கேட்கிறது, கண் தெரியவில்லை. போட்டால் கண் தெரிகிறது, காது கேட்கவில்லை. அதற்குள் அலை இரண்டு உள்ளே விழ, பம்பு சுவிட்சைத் தட்டினால் சத்தமே இல்லை. குடத்தை வெட்டிச் செய்த மரவையால் இறைத்தோம். அந்த நாலு பேரையும் வேறொரு படகு ஏற்றிவிட்டது. எங்களால் ஒரு உபகாரமும் இல்லை.

மறுநாள் சுவிட்ச் பெட்டியைக் கழற்றினோம். விசைப்படகில் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டரோடு வந்தார். சர்ச் லைட் எரியும்போது பேட்டரியில் 12.2 வோல்ட், விளக்குக்குப் பக்கத்தில் 10.1. விளக்கு 60 வாட், அதாவது 5 ஆம்பியர். பேட்டரி பின்பக்கம், விளக்கு அணியத்தில். ஒயர் சுற்றிப் போக ஆறு மீட்டர், வர ஆறு மீட்டர். அதற்குக் கடைக்காரர் இழுத்திருந்தது 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர். வீட்டில் டேபிள் ஃபேனுக்கு வருமே, அது. அந்தக் கனத்துக்கு 12 மீட்டரில் ஒயர் மட்டுமே 1.4 வோல்ட் தின்னும். மிச்சத்தைத் தின்றது இணைப்புகள். வீட்டில் 230 வோல்ட்டில் இது ஒரு பொருட்டே இல்லை. 12 வோல்ட்டில் உயிர் போகிற விஷயம். எங்கள் சர்ச் லைட் மாதிரி ஹாலோஜன் விளக்குக்கு வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறையும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தால் இழப்பு கால் வோல்ட்டைச் சுற்றித்தான்.

ஒயரின் தோலைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்து, பச்சை பூத்திருந்தது. முனையில் மட்டும் இல்லை, ஒரு முழம் உள்ளே வரைக்கும். உப்புத் தண்ணீர் செம்பு இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி ஏறும். படகுக்கென்று வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் விற்கிறது. சீவிப் பார்த்தால் வெள்ளி நிறத்தில் இருக்கும், சிவப்பாக இருந்தால் சாதா ஒயர். பில்லில் "மரைன் ஒயர்" என்றுதான் எழுதியிருந்தது.

பம்பு ஒயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, தண்ணீர் தேங்கும் அடித்தட்டிலேயே விட்டிருக்கிறார். தானாக ஓட மிதவை சுவிட்ச் வாங்கியதாகக் கணக்கு. படகில் மிதவையும் இல்லை, அதன் ஒயரும் இல்லை. பியூஸ் என்பது பெட்டிக்குள் ஒன்றே ஒன்று. பேட்டரியிலிருந்து பெட்டி வரை மூன்று மீட்டர் ஒயர் பாதுகாப்பே இல்லாமல், பெட்ரோல் டேங்க்கை உரசிக்கொண்டு போகிறது. எனக்கு அதைப் பார்த்தபோதுதான் உண்மையில் கை நடுங்கியது.

இதையெல்லாம் தெரியாமல் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் "இன்ஜின் சார்ஜிங் கிட்" என்று 6,800 ரூபாய் போட்டிருந்தாரே, அதற்கு என்ன சொல்வது? இன்ஜின் மூடியைத் திறந்தால், பேட்டரியிலிருந்து வந்த இரண்டு ஒயரும் அழகாக டேப் சுற்றி உள்ளே செருகியிருக்கிறது. எதிலும் இணைக்கவில்லை. எங்கள் இன்ஜினில் சார்ஜ் எடுக்கும் வசதியே கிடையாது. ஐந்து மாதமாக இன்ஜின் ஓடினால் பேட்டரி ஏறும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 13.5-க்கு மேல் ஏற வேண்டும். 12-லேயே நின்றால் ஏமாந்திருக்கிறீர்கள்.

வயர்லெஸ் இரைச்சலுக்குக் காரணம் மலிவான எல்இடி பட்டைக்குள் இருக்கும் மின்சுற்று. இது எங்கள் ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையே 2018-ல் எல்இடி விளக்குகள் படகுகளில் பேசும் விஎச்எஃப் வயர்லெஸ்ஸைக் கெடுப்பதாக எச்சரிக்கை விட்டது. சோதிப்பது சுலபம். விளக்கை அணைத்துவிட்டு, யாரும் பேசாத சேனலில் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் திருகைத் திருப்பி, இரைச்சல் அடங்கும் இடத்தில் சரியாக நிறுத்துங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் அந்த விளக்கு படகுக்கு ஆகாது.

சிவப்பும் பச்சையும் லாரி அலங்கார விளக்கு. விதிப்படி ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து தன் பக்கமாக 112.5 பாகைக்கு மட்டுமே தெரிய வேண்டும், சிவப்பு இடம், பச்சை வலம். எங்களுடையது மறைப்பே இல்லாமல் எல்லாப் பக்கமும் தெரிந்தது. எதிரே வருகிறவனுக்கு நாங்கள் வருகிறோமா போகிறோமா என்றே புரியாது.

போய்க் கேட்டோம். "உப்புக்காத்துல எதுதான் தம்பி தாங்கும்?" என்றார். சார்ஜிங் கிட்டைப் பற்றிக் கேட்டதும் டீ சொன்னார். பில் என்று கொடுத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச் சீட்டு, கையெழுத்தும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போக ஊரில் யாருக்கும் தெம்பில்லை. கடைசியில் 5,000 திருப்பித் தந்தார்.

இப்போது மாமாவே மேற்பார்வை. வெள்ளீயம் பூசிய ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் முதல் பியூஸ், பம்புக்குத் தனி ஒயர் தனி பியூஸ், மெயின் சுவிட்சை அணைத்தாலும் ஓடுகிற மாதிரி. இணைப்புகள் எல்லாம் கிரிம்ப் அடித்து, அதாவது உலோக முனைக்குள் ஒயரை வைத்து நசுக்கி, சூட்டில் சுருங்கும் பசைக் குழாய் போட்டது. பேட்டரியை வாரம் ஒருமுறை கழற்றி வீட்டில் சார்ஜ் போடுகிறோம். வேலை முடிந்ததும் மாமா கரையில் சுவிட்சைப் போட்டுக் காட்டவில்லை. எல்லா விளக்கையும் எரியவிட்டு, குழாயைப் பிடித்து அரை மணி நேரம் படகு மேல் தண்ணீர் அடித்தார். அப்புறம்தான் மீட்டரைக் கையில் எடுத்தார்.