லஃப்ரோய்க், லாகவூலின், ஆர்ட்பெக்: எதைக் குடிக்க, எதைச் சேகரிக்க, எதைப் போய்ப் பார்க்க?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கிறது ஐலா தீவு. ஆங்கில எழுத்தில் நடுவே 'எஸ்' வரும், வாயில் வராது. அதன் தென்கரையில் போர்ட் எலன் ஊரிலிருந்து கிழக்கே போகும் சாலையில் அடுத்தடுத்து மூன்று விஸ்கி டிஸ்டில்லரிகள். லஃப்ரோய்க்கும் ஆர்ட்பெக்கும் தொடங்கிய ஆண்டு 1815, லாகவூலின் 1816. மூன்றிலும் பீட் எரித்த புகையில் காய்ந்த பார்லிதான் மூலப்பொருள். பீட் என்பது சதுப்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிய செடிகொடிகள் இறுகிய மண்.

மூன்றின் அடிப்படை பாட்டில்களையும் வரிசையாக வைத்தால் லேபிளில் 10, 16, 10 என்று வயது தெரியும். பெரும்பாலானோர் 16ஐ எடுப்பார்கள். அந்த எண்ணுக்கு முன் பார்க்க வேண்டியது ஆல்கஹால் சதவீதம். பிரிட்டனில் லஃப்ரோய்க் 10 வருவது 40 சதவீதத்தில். வேறு சில நாடுகளில் 43. லாகவூலின் 16 என்றால் 43, ஆர்ட்பெக் 10 என்றால் 46.

வேறுபாடு போதையில் இல்லை, எண்ணெய்ச் சத்தில் இருக்கிறது. தண்ணீர் கலந்து 46 சதவீதத்துக்குக் கீழே இறக்கிய விஸ்கி, குளிர்ந்தாலோ தண்ணீர் பட்டாலோ கலங்கும். கலங்கினால் வாங்குபவர் கெட்டுப்போனதென்று நினைப்பார். அதனால் கம்பெனிகள் குளிரவைத்து வடிகட்டிவிடுகின்றன. அப்போது நாக்கில் வழவழப்பாகப் படியும் கொழுப்பு அமிலச் சேர்மங்களில் ஒரு பகுதியும் போய்விடும். ஆர்ட்பெக் 10 அப்படி வடிகட்டாதது, நிறம் சேர்க்காதது. வைக்கோல் போல வெளிறி இருப்பதைப் பார்த்து வயசு பத்தாது என்று எண்ண வேண்டாம். மற்ற இரண்டிலும் கேரமல் நிறமி உண்டு. ஜெர்மனியில் அதை லேபிளில் சொல்லியே ஆக வேண்டும் என்பதால், அங்கே விற்கும் லாகவூலின் பாட்டிலில் அந்த வரியைப் படிக்கலாம்.

அடுத்து எல்லோரும் மேற்கோள் காட்டும் 'பிபிஎம்' கணக்கு, அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது. லாகவூலின் சுமார் 35, லஃப்ரோய்க் 40 முதல் 45, ஆர்ட்பெக் 55. இது பார்லியில் அளந்த ஃபீனால் (புகை மணம் தரும் சேர்மம்) அளவு, பாட்டிலில் அளந்தது அல்ல. ஊறவைத்து, நொதிக்கவைத்து, காய்ச்சி, பீப்பாயில் போடுவதற்குள் பெரும்பகுதி கழிந்துவிடும். மிச்சம் எப்படி மணக்கும் என்பதை முடிவு செய்வது காய்ச்சும் முறை. முதலில் வடிவது தலை, கடைசியில் வடிவது வால், பீப்பாய்க்குப் போவது நடுப்பகுதி. பழ வாசனை முன்னால் வரும், ஃபீனால் பின்னால் வரும். லஃப்ரோய்க் சுமார் 45 நிமிடம் தலையை ஒதுக்குகிறது. முன்னால் வரும் இனிப்பு அதோடு போகிறது. மிஞ்சுவது அயோடின், டெட்டால், கடற்பாசி. ஆஸ்பத்திரி வராந்தா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு, அதற்காகவே வாங்குபவர்களும் உண்டு. ஆர்ட்பெக் இரண்டாம் முறை காய்ச்சும் பாத்திரத்தின் கழுத்துக் குழாயில் ஒரு சுத்திகரிப்பான் வைத்திருக்கிறது. கனமான ஆவி அதில் குளிர்ந்து திரும்பப் பாத்திரத்துக்கே இறங்கும், இலேசானது மட்டும் தாண்டும். மூன்றில் அதிகப் புகை பிடித்த பார்லியாக இருந்தும் எலுமிச்சைத் தோலும் மிளகும் மேலே நிற்பது இதனால்தான். லாகவூலினின் வழி வேறு: நிதானமாகக் காய்ச்சி, 16 ஆண்டு பீப்பாயில் புகையை அடங்கவிடுகிறார்கள். சுட்ட கருப்பட்டி, உலர்திராட்சை, அணைந்த அடுப்பு.

ஒரே மாலையில் மூன்றையும் ஒப்பிட்டால் வரிசை முக்கியம். லாகவூலின், ஆர்ட்பெக், கடைசியில் லஃப்ரோய்க். லஃப்ரோய்க்கில் தொடங்கினால் லாகவூலின் சர்க்கரைத் தண்ணீராகத் தெரியும். 16 ஆண்டுக்குக் கொடுத்த காசு வீண். ஒவ்வொன்றிலும் 15 மில்லி போதும், வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். ஐஸ் போட்டால் மணம் அடங்கிவிடும். முதல் வாய்க்குப் பிறகு சொட்டுச் சொட்டாக 2 மில்லி தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பின் வாசனை கிளாஸில் தங்கியிருந்தால் எல்லாமே எலுமிச்சைதான். சோடா கலப்பதானால் லஃப்ரோய்க், ஒன்றுக்கு மூன்று. மற்ற இரண்டிலும் சோடா ஊற்றுவது எனக்குப் பாவமாகப் படுகிறது.

காசு விஷயத்துக்கு வருவோம். மூன்றில் மலிவு பெரும்பாலும் லஃப்ரோய்க் 10, விலை எகிறியது லாகவூலின் 16. அந்தப் பணத்துக்கு அது தகுமா என்றால், முதல் பாட்டிலுக்குத் தகும், மாதா மாதம் வாங்கத் தகாது. அதே ஆலையின் 8 ஆண்டு விஸ்கி 2016ல், 200ஆம் ஆண்டை ஒட்டி வந்தது: 48 சதவீதம், விலை குறைவு, புகை கூடுதல், இனிப்பு குறைவு. லஃப்ரோய்க்கில் உண்மையான லாபம் தண்ணீர் கலக்காத 10 ஆண்டு 'காஸ்க் ஸ்ட்ரெங்த்'. 58 சதவீதமுள்ள 70 சென்டிலிட்டரை 40க்கு இறக்கினால் ஒரு லிட்டருக்குச் சற்று மேலே வரும். ஆக, சாதாரண பாட்டிலைப்போல ஒன்றரை மடங்கு விலை வரை கிட்டத்தட்ட சமக் கணக்கு, வடிகட்டலில் போகும் சத்தும் மிச்சம். 46க்கு இறக்க 30 மில்லிக்கு 8 மில்லி தண்ணீர்.

சேகரிப்பவருக்கும் அதுவே நல்ல தொடக்கம். 2009 முதல் தொகுதி எண் அச்சிட்டு வருகிறது. ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் ருசி மாறுவதைக் குடித்தே பார்க்கலாம். ஆர்ட்பெக்கின் ஆண்டுச் சிறப்பு வெளியீடுகளில் கவனம் தேவை. பெட்டியில் பெரிய கதை இருக்கும், வயது இருக்காது, ஏலத்தில் விற்கும்போது கமிஷன் போகப் போட்ட காசு திரும்புவதே பெரிது. 54.2 சதவீதத்தில் எப்போதும் கிடைக்கும் 'ஊகடல்' அவற்றில் பலவற்றை விடத் தேவலை. பழைய ஆர்ட்பெக்கின் கதை வேறு. 1981ல் ஆலை மூடியது, சொந்தமாகப் பார்லி முளைகட்டுவதும் அதோடு நின்றது. 1997ல் கிளென்மொராஞ்சி என்ற விஸ்கி கம்பெனி 70 லட்சம் பவுண்டுக்கு முழு ஆலையையும் வாங்கியது. 2022ல் 1975ஆம் ஆண்டின் ஒரே ஒரு பீப்பாய் 1.6 கோடி பவுண்டுக்குப் போனது.

வாங்கியதை நிமிர்த்தி வையுங்கள். ஒயின் போலப் படுக்கவைத்தால் ஆல்கஹால் தக்கையை அரிக்கும். வெயில் படாத இடம் வேண்டும். நம் ஊர் மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரண் கூடாது, சூட்டில் தக்கை கசியும். பழைய பாட்டிலைத் திறக்கும் முன் சில நொடி சாய்த்துத் தக்கையை நனைத்து, திருகியபடி மெல்ல இழுக்க வேண்டும். உடைந்தால் காபி ஃபில்டர் பேப்பரில் வடித்துக்கொள்ளலாம். காலி பாட்டில்களின் தக்கைகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருப்பது இதற்குத்தான். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய விஸ்கியைச் சிறு புட்டிக்கு மாற்றுங்கள். காற்றுபட்டால் முதலில் போவது புகை.

ஐலாவுக்குப் போக கென்னகிரெய்க் துறைமுகத்திலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், கிளாஸ்கோவிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம். ஒரே ஆலைக்குத்தான் நேரமென்றால் லஃப்ரோய்க். பார்லியைத் தரையில் பரப்பி முளைகட்டி, சொந்தச் சூளையில் பீட் மூட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம். தேவையில் ஒரு சிறு பங்குதான் இப்படி. மீதி வெளியிலிருந்து வருகிறது. உறுப்பினராகச் சேர்ந்தால் ஒரு சதுர அடி நிலம் குத்தகைக்குத் தருவார்கள், நேரில் போனால் வாடகையாக ஒரு சின்னப் புட்டி. லாகவூலினில் ஆலையைச் சுற்றிப் பார்ப்பதை விடக் கிடங்கில் பீப்பாயிலிருந்து நேரே எடுத்துத் தரும் ருசிபார்ப்பு மேல். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். ஆர்ட்பெக்கின் பலம் பழைய சூளைக் கட்டடத்தில் நடக்கும் சாப்பாட்டுக் கடை. மதிய உணவை அங்கே வைத்துக்கொண்டால் நாள் ஒழுங்காக அமையும்.

போர்ட் எலனிலிருந்து மூன்றையும் தொட்டுப் போகும் நடைபாதை இருக்கிறது, ஒரு வழிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். கார் வேண்டாம். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் ஓட்டுநருக்கான வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். இங்கிலாந்தின் 80 அங்கே செல்லாது. ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கேளுங்கள், உங்கள் பங்கைச் சிறு புட்டியில் ஊற்றித் தருவார்கள்.

திரும்பும்போது பெட்டியில் எத்தனை? விமானத்தில் செக்-இன் பெட்டியில் 24 முதல் 70 சதவீதம் வரை உள்ள மது ஆளுக்கு 5 லிட்டர் போகலாம், சீல் உடையாமல் இருந்தால். இந்தியச் சுங்கத்தில் தீர்வையின்றி விடுவது 2 லிட்டர். அங்கே பாட்டில் நம் 'ஃபுல்' போல 750 அல்ல, 700. மூன்று ஆலைக்கு மூன்று என்று எடுத்தால் 2,100 மில்லி ஆகிவிடும். 100 மில்லிக்காகக் கவுன்ட்டரில் நிற்க வேண்டிவரும். இரண்டு முழு பாட்டிலும் ஒரு 500 மில்லியும் எடுத்தால் தப்பலாம். ஆர்ட்பெக் 10ஐ விட்டுவிட்டு வாருங்கள், அது விமான நிலையக் கடைகளிலேயே கிடைக்கும்.