பத்து நிமிடம் திறந்திருக்கும் பூட்டு: ஆதார் பயோமெட்ரிக் லாக், மூன்றரை வருட அனுபவம்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். கார் லோன் கேட்டுப் போயிருக்கிறான். "உங்க பேர்ல ஒரு ஆப் கடன் பாக்கி காட்டுதே சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆப்பின் பெயரையே இவன் அன்றுதான் கேள்விப்படுகிறான். யாரோ இவனுடைய பான் நம்பரை வைத்து வாங்கிய பதினெட்டாயிரம் ரூபாய். புலம்பி முடித்துவிட்டுக் கேட்டான்: "நீதான் வீட்ல எல்லாருக்கும் ஆதாரை லாக் பண்ணி வச்சிருக்கியே, நல்லா இருக்கா? நானும் போட்டுடட்டுமா?"

அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்கு மதியம்தான் அம்மாவோடு சண்டை. சண்டைக்குக் காரணமே அந்த லாக்தான். "போடாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு வாரம் ஆறப்போட்டு இதை எழுதுகிறேன். இன்னும் முழுதாக ஆறவில்லை.

முதலில் இதைப் போட்ட கதை. 2022 மே மாதக் கடைசியில், ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டது. ஆதார் ஜெராக்ஸை யாருக்கும் கண்டபடி கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்று. தேதி 27, வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையே தில்லியிலிருந்து வாபஸ் வாங்கிவிட்டார்கள். மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்களாம், வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதுமாம். வழக்கமான எச்சரிக்கை என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். அதுவரை எத்தனை இடத்தில் ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறேன்! திருச்செந்தூரில் லாட்ஜ், கேஸ் ஏஜென்சி, மூன்று வாடகை வீடு, அந்த மூன்று வீட்டுக்கும் புரோக்கர்கள், அதில் ஒருவருக்கு வாட்ஸப்பில் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். அன்று ராத்திரியே உட்கார்ந்து எனக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் எம்ஆதார் ஆப்பில் பூட்டைப் போட்டேன்.

பூட்டு என்ன செய்யும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். விரல் ரேகை, கண், முகம் மூன்றையும் ஆதார் சரிபார்ப்புக்கு யாரும் பயன்படுத்த முடியாமல் அடைத்துவிடும். ஓடிபி வழி சரிபார்ப்பு வழக்கம்போல நடக்கும். நம் விரல் தேவைப்படும்போது நாமே தற்காலிகமாகத் திறந்துவிடலாம். பத்து நிமிடம். அதற்குப் பிறகு அதுவாகவே பூட்டிக்கொள்ளும்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

என் ஆதாரையும் மனைவி ஆதாரையும் பொறுத்தவரை இந்தப் பூட்டு இருப்பதே மறந்துவிட்டது. மூன்றரை வருடத்தில் நான் திறந்தது இரண்டே முறை, இரண்டும் சிம் சம்பந்தமாக. வேறெங்கும் விரல் வைக்கும் வேலையே எங்களுக்கு வரவில்லை. மாதக் கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது, போனில் பேட்டரி தின்பதில்லை. இந்த அளவுக்குத் தொந்தரவில்லாத பொருளுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம்.

இனி அம்மா விஷயம். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, அயனாவரத்தில் தனியாக இருக்கிறார். அப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அந்தக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ரேஷன் கார்டில் அம்மா பெயர் மட்டும்தான். விரல் வைக்க வேண்டுமென்றால் அம்மா விரல்தான். அம்மா ஆதாரில் இருப்பது என் போன் நம்பர். அதாவது விரல் அயனாவரத்தில், சாவி கிண்டியில் என் ஆபீஸில்.

முதல் மாதம் மறந்தே போனேன். கடையில் மிஷின் 330 என்று காட்டியிருக்கிறது. ஆதாருக்குச் சொந்தக்காரரே பூட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். கடைக்காரர் பாவம், அம்மா விரலைத் துடைத்துத் துடைத்து ஆறு முறை வைத்துப் பார்த்திருக்கிறார். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த ரேகை என்று அவராகவே முடிவு செய்து, "தேங்காய் எண்ணெய் தடவிட்டு நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது மாதத்திலிருந்து அவரே தேறிவிட்டார். எண்ணைப் பார்த்ததும், "முந்நூத்தி முப்பது, பையனுக்குப் போன் போடுங்க" என்பார்.

அப்புறம் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. அம்மா வரிசையில் நின்றுகொண்டு நிலவரம் சொல்வார். முன்னால் அஞ்சு பேர். இப்போ மூணு பேர். இப்போ ஒரே ஆள்தான், திற. நான் ஆப்பைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, அதில் அம்மா பெயரில் இருக்கும் பக்கத்துக்குப் போய், கேப்ட்சாவில் அது பூஜ்யமா ஓவா என்று முறைத்துப் பார்த்து, ஓடிபி வரக் காத்திருந்து, திறந்துவிட்டு "ஆச்சு" என்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் மிஷினில் பேப்பர் ரோல் தீரும். இல்லையென்றால் முன்னால் நிற்கும் அந்த ஒரே ஆள், பருப்பு ஏன் அரை கிலோ குறைகிறது என்று ஆரம்பிப்பார். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். அம்மா விரல் வைக்கும்போது பதினோராவது நிமிடம்.

ஒரு முறை மெட்ரோவில் வந்துகொண்டிருந்தேன். ஷெனாய் நகர் தாண்டிச் சுரங்கத்துக்குள் ஓடிபி வரவே இல்லை. இன்னொரு முறை சலூனில். பாதித் தலை வெட்டியாகிவிட்டது, கழுத்தில் வெள்ளைத் துணி, அதற்கு அடியில் கையை விட்டு ஓடிபி அடிக்கிறேன். முடி வெட்டுபவர் கத்தரியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்.

போன வருடம் தமிழக அரசு தாயுமானவர் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, தொல்லை விட்டது என்று நினைத்தேன். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலுக்கே ரேஷன் வரும். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் வாசலுக்கு வருவது அரிசி மட்டுமல்ல, விரல் வைக்கும் மிஷினும்தான். வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்? வரிசை இருந்தபோதாவது முன்னால் ஐந்து பேர் என்று கணக்கு இருந்தது. இப்போது மொட்டையாக ஒரு போன்: "டேய், வண்டி வந்துடுச்சு, திறடா." நண்பன் போன் செய்த அந்தச் சனிக்கிழமை நான் ஒரு கல்யாண மண்டபத்தில், நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில். மூன்று மிஸ்டு கால். வண்டி தெருவைச் சுற்றிவிட்டு மறுபடி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. "உன் பூட்டை நீயே வச்சுக்கோ, என் அரிசி போச்சு" என்றார் அம்மா. அங்கேயே நின்று, தற்காலிகமாக அல்ல, நிரந்தரமாகத் திறந்துவிட்டேன்.

போன நவம்பரில் வாழ்நாள் சான்றிதழுக்கும் இதே கதை. போனிலேயே முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்றிதழை எடுத்துவிடலாம் என்று அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. சிமிட்டினார். மறுபடி சிமிட்டச் சொல்கிறது. இருபது நிமிடம் சிமிட்டிய பிறகுதான் முகமும் பூட்டில் சேர்த்தி என்பது எனக்கு உறைத்தது. உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க உட்கார்ந்தவரை நானே பூட்டி வைத்திருக்கிறேன்.

ஏன் பத்து நிமிடம்? ஒரு மணி நேரம், அரை நாள் என்று நாமே தேர்ந்தெடுக்க விட்டால் என்ன குறைந்துவிடும்? மாதம் ஒரு நாள் மட்டும் திறந்திரு என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வழி இருந்தால் என்ன? கிண்டியில் ஏசியில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பத்து நிமிடம் தாராளம். விரலை நம்பி மாதாமாதம் சாமான் வாங்கும் ஆளுக்கு அது போதாது. பூட்டு உண்மையில் யாருக்கு வேண்டுமோ அவருக்குத்தான் போதாது.

அவருக்கு ஏன் பூட்டு வேண்டும்? விரல் வைத்தால் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் எடுக்கலாம். கையடக்க மிஷினோடு உட்கார்ந்திருக்கும் வங்கி முகவரிடம் ஆதார் எண், வங்கிப் பெயர், விரல் இருந்தால் போதும். பின் நம்பர் வேண்டாம், ஓடிபி வேண்டாம். தெலங்கானாவிலும் கர்நாடகாவிலும் பத்திரப்பதிவு ஆவண நகல்களில் இருந்த ரேகையை வைத்தே போலி ரேகை செய்த வழக்குகள் வந்தன. போலி விரலைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பத்தை 2023 பிப்ரவரியில் ஆதார் ஆணையம் அறிவித்தது, சரி. ஆனாலும் பத்திரத்தில் கைநாட்டு வைத்த தலைமுறை அம்மாவுடையது. ஓய்வூதியம் வரும் கணக்கும் அம்மாவுடையது. பணம் போனால் மூன்று வேலை நாளுக்குள் வங்கியில் புகார் செய்துவிட்டால், தவறு நம்முடையதோ வங்கியுடையதோ இல்லாதபட்சத்தில் நமக்கு நஷ்டமில்லை என்கிறது 2017 ரிசர்வ் வங்கி விதி. மூன்று நாளுக்குள் தெரிய வேண்டுமே! அம்மா பாஸ்புக் பதிவதே மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எஸ்எம்எஸ் என் போனுக்கு வரும்படி வங்கியில் மாற்றியதை, பூட்டுப் போட்டதைவிடப் பயனுள்ள வேலை என்று நினைக்கிறேன்.

இந்தப் பூட்டை நோண்டப் போய் எதிர்பாராமல் கிடைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆதார் தளத்தில் சரிபார்ப்பு வரலாறு என்று ஒரு பக்கம் இருக்கிறது. கடைசி ஆறு மாதத்தில் நம் ஆதாரை எங்கெங்கே தட்டிப் பார்த்தார்கள் என்ற பட்டியல், தேதி, நேரத்தோடு. மனைவி கணக்கில், பூட்டைத் திறந்து சிம் வாங்கிய நாளில் இரண்டு பதிவுகள் இருந்தன. நாலு நிமிட இடைவெளி. கடைப் பையன் "சரியா விழலக்கா, இன்னொரு வாட்டி வைங்க" என்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போய்ப் பார்த்தால், மனைவி பெயரில் நாங்கள் அறியாத ஒரு நம்பர். என்னுடையது இல்லை என்று குறித்து அனுப்பினேன், பிறகு பட்டியலிலிருந்து போய்விட்டது. ஒருவர் பெயரில் ஒன்பது சிம் வரை வாங்கலாம் என்பது விதி. உங்கள் பெயரில் எத்தனை இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது. பத்து நிமிடம் திறந்து வைத்தால் அதற்குள் இரண்டு சிம் வாங்க முடியும் என்பதையும் கவனிக்கவும். ரேஷன் வாங்கத்தான் முடியாது.

மாஸ்க்டு ஆதார் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்தால் பாதி இடத்தில் "என்ன சார், நம்பரே தெரியல" என்று திருப்பித் தருகிறார்கள். வேறு வழியில்லாமல் முழு ஜெராக்ஸ் கொடுக்கும்போது, எதற்காக, எந்தத் தேதி என்று குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன். இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு யார் புத்தியில் உதித்ததோ தெரியவில்லை: பெயரின் முதல் நாலு எழுத்து, பிறந்த வருடம். வில்லிவாக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்கப் போனபோது டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பார்த்தேன். இ-ஆதார் கோப்புகளாக மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. பாஸ்வேர்டு கேட்கும்தான். பக்கத்திலேயே அவரவர் ரெஸ்யூம், பெயரும் பிறந்த தேதியும் போட்டு. என்னுடையதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு வந்தேன். மற்றவர்களுடையதை அழிக்க எனக்கு உரிமை இல்லை என்று அப்போது தோன்றியது. அழித்திருக்கலாம்.

நண்பனுக்கு: உன் பிரச்சினைக்கு இந்தப் பூட்டு உதவாது. கடன் உன் பான் நம்பரில் போயிருக்கிறது, உன் விரலை யாரும் தொடவில்லை. நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கிலும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். நான்கையும் எடுத்துப் பார், ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும். தவறான பதிவு என்று புகார் கொடு. முப்பது நாளுக்குள் தீர்க்கவில்லையென்றால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் உனக்கு நூறு ரூபாய் தர வேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து அப்படித்தான் விதி. சைபர் கிரைம் தளத்திலும் ஒரு புகாரைப் போட்டு நம்பர் வாங்கி வை, கடன்காரர்கள் போன் செய்யும்போது படித்துக் காட்ட உதவும்.

மதிப்பெண் கேட்டால், ஐந்துக்கு இரண்டு. அம்மாவின் அரிசிக்காக மூன்றைக் கழித்திருக்கிறேன். வயதானவர்களுக்குப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கம் வரவில்லை. வில்லிவாக்கத்து ஃபோல்டர் ஞாபகம். போனை எடுத்து அம்மாவுடையதை மறுபடி பூட்டிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வண்டி வர மூன்று வாரம் இருக்கிறது.