ஹீரோகிளிக்ஸா, ஸ்டார் வார்ஸ் மினியேச்சர்ஸா: பகடை யார் பேச்சைக் கேட்கும்?

பொம்மை வைத்து ஆடும் சண்டை விளையாட்டில் தோற்றவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை “டைஸ் சரியில்லை” என்பதுதான். பாதி நேரம் அது சாக்கு. மீதிப் பாதியில் உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எவ்வளவு பெரியது என்பது ஆடுகிற விளையாட்டைப் பொறுத்தது.

இங்கே எடுத்துக்கொள்வது இரண்டு விளையாட்டுகளை. ஒன்று விஸ்கிட்ஸ் நிறுவனம் 2002-ல் இறக்கிய ஹீரோகிளிக்ஸ். அதன் பிறகு பல வருடம் புதிய தொகுப்புகள் வந்தன. மற்றது விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2004 முதல் 2010 வரை வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் மினியேச்சர்ஸ். இரண்டிலும் கட்டம் போட்ட வரைபடம், புள்ளிக் கணக்கில் அணி, உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாமல் வாங்கும் பெட்டி. எண்ணைக் கூட்டி எதிரியின் தற்காப்பைத் தொட்டால் அடி விழும் என்பதும் பொது. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான். திறமைக்கு மரியாதை கொடுப்பது எது என்றால் என் ஓட்டு ஹீரோகிளிக்ஸுக்கு. காரணம் கதாபாத்திரங்களோ விதிப்புத்தகமோ இல்லை, பகடை.

ஹீரோகிளிக்ஸில் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகையைத் தாக்குதல் எண்ணோடு சேர்க்கிறோம். ஸ்டார் வார்ஸில் ஒரே ஒரு இருபதுமுகப் பகடை. இருபதுமுகத்தில் 1 முதல் 20 வரை எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு, ஒவ்வொன்றும் 5 சதவீதம். இரண்டு பகடையில் அப்படி இல்லை. 7 விழ 36-ல் 6 வழி, 12 விழ ஒரே வழி. ஆக +1 என்ற சின்ன உதவியின் விலை இரண்டிலும் ஒன்றல்ல. இருபதுமுகத்தில் +1 எப்போதும் 5 சதவீதம்தான். இரண்டு பகடையில் 8 தேவைப்படும் இடத்தில் 7 போதும் என்று ஆக்கினால் வாய்ப்பு 41.7-லிருந்து 58.3-க்குத் தாவுகிறது. அதே +1-ஐ 12 தேவைப்படும் இடத்தில் செலவழித்தால் 2.8 என்பது 8.3 ஆகும், அவ்வளவுதான். உதவியை எந்த அடிக்குக் கொடுப்பது என்ற முடிவு இங்கே விளையாட்டின் பாதி.

ஒரு அடியை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். உங்கள் ஆளின் தாக்குதல் 10. எதிரியின் தற்காப்பு 17, அதோடு அவருக்கு எனர்ஜி ஷீல்டு இருப்பதால் தொலைவிலிருந்து சுடும்போது +2. மொத்தம் 19, 9 விழ வேண்டும், வாய்ப்பு 27.8 சதவீதம். அப்படியே உருட்டிவிட்டு அதிர்ஷ்டத்தைத் திட்டுபவர் உண்டு. ஆட்டம் தெரிந்தவர் முதலில் எதிரியின் பவரை முடக்கும் அவுட்விட் உள்ள ஆளைக் கொண்டு அந்த ஷீல்டை அணைக்கிறார். தேவை 7 ஆகிறது, வாய்ப்பு 58.3. அடுத்து பெர்ப்ளெக்ஸ் வைத்துத் தாக்குதலில் ஒன்று கூட்டுகிறார். தேவை 6, வாய்ப்பு 72.2. உருட்டித் தவறினால் ப்ராபபிலிட்டி கன்ட்ரோல் வைத்து மறுபடி உருட்டுகிறார். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 92.3. அவுட்விட்டுக்கும் பெர்ப்ளெக்ஸுக்கும் பகடையே தேவையில்லை. இருபத்தெட்டைத் தொண்ணூற்றிரண்டாக்கியது அணித்தேர்வும், யாரை எங்கே நிறுத்தினோம் என்பதும்தான்.

வரிசை முக்கியம். பெர்ப்ளெக்ஸ் உருட்டுவதற்கு முன், ப்ராபபிலிட்டி உருட்டிய பின். புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது மறு உருட்டலில். சுற்றின் முதல் அடி தவறியதுமே பதறி அதைச் செலவழித்துவிடுவார்கள். கனமான அடி வரும்போது கையில் எதுவும் இருக்காது. மறு உருட்டலால் கூடும் வாய்ப்பு, தேவை 7 அல்லது 8 ஆக இருக்கும்போது உச்சம், சுமார் 24 சதவீதம். தேவை 5-லும் 10-லும் அது 14-க்குக் கீழே போய்விடும். எளிதான அடிக்கும் நப்பாசை அடிக்கும் அதைக் கொடுக்காமல், நடுவில் இருக்கும் கனமான அடிக்கு வைத்திருப்பதே முறை. எதிரியின் உருட்டலைக் கெடுக்கவும் அது பயன்படும்: அவருக்கு 7 தேவை என்றால், விழுந்த அடியை மறுபடி உருட்ட வைத்தால் 58 என்பது 34 ஆகும். தற்காப்புக்கு இன்னும் மலிவான வழியும் உண்டு. புதர், இடிபாடு போன்ற தடைக்கட்டத்தில் ஆளை நிறுத்தினால் தொலைத் தாக்குதலுக்கு எதிராக +1. 7 என்பது 8 ஆகி, பைசா செலவில்லாமல் 17 சதவீதம் குறைகிறது.

பகடையே தொடாத இன்னொரு திறமை தூரக்கணக்கு. ரன்னிங் ஷாட் உள்ளவர் தன் வேகத்தில் பாதி நகர்ந்து சுடலாம். வேகம் 10, சுடும் தூரம் 8 என்றால் 5-உம் 8-உம் சேர்ந்து 13 கட்டம் அவர் ஆபத்து எல்லை. உங்கள் ஆள் பதினாலாவது கட்டத்தில் நின்றால் முதல் அடி அவருடையது இல்லை. ஹீரோகிளிக்ஸில் முதல் அடிக்கு விலை அதிகம். அடி வாங்க வாங்க பொம்மையின் அடிப்பாகத்தில் உள்ள சக்கரம் கிளிக் கிளிக்காகத் திரும்பி எண்கள் பெரும்பாலும் இறங்கும், பவர்கள் மறையும். மூன்று கிளிக் வாங்கியவர் பழைய ஆள் இல்லை.

இதுவே அதன் பலவீனமும்கூட. 300 புள்ளி ஆட்டத்தில் மூன்று முதல் ஐந்து ஆட்கள். 100 புள்ளிக்கு ஒரு செயல் என்ற கணக்கில் சுற்றுக்கு மூன்று செயல்கள். ஆட்டம் முழுக்க உருட்டும் அடிகள் குறைவு. தொடக்கத்தில் இரண்டு உருட்டல் கவிழ்ந்தால் சக்கரம் இறங்கி, அடுத்த அடியும் பலவீனமாகி, சரிவு தொடரும். ஸ்டார் வார்ஸில் உயிர்ப்புள்ளி 10 மிச்சமிருப்பவரும் முழு பலத்தோடு அடிப்பார். 200 புள்ளி அணியில் ஆட்கள் அதிகம், உருட்டலும் அதிகம், அதனால் நல்லதும் கெட்டதும் ஓரளவு சமனாகும். இந்த வாதத்தை ஸ்டார் வார்ஸ் ஆட்கள் எடுத்து வைத்தால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆனால் சமனாகிவரும் கணக்கை இருபதுமுகத்தின் உச்ச எண் கெடுத்துவிடுகிறது. 20 விழுந்தால் சேதம் இரட்டிப்பு. இருபது உருட்டலில் ஒன்றுக்கு அந்த வாய்ப்பு. ஹீரோகிளிக்ஸில் இரட்டை ஆறுக்குக் கிடைப்பது தப்பாத அடியும் ஒரு புள்ளி கூடுதல் சேதமும், அதுவும் 36-ல் ஒரு முறை. இரட்டை ஒன்று விழுந்தால் அடித்தவருக்கே ஒரு கிளிக் சேதம். தாயம் விழாமல் காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரே எண் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் இந்த எரிச்சல் புரியும். அதற்கு மேல் ஸ்டார் வார்ஸில் லைட்சேபர் டிஃப்ளெக்ட் என்ற தற்காப்பு வேறு: ஜெடை போன்றோர் வைத்திருக்கும் ஃபோர்ஸ் புள்ளி ஒன்று கொடுத்து 11 அல்லது மேலே உருட்டினால் விழுந்த சூடு ஒன்றுமில்லாமல் போகும். பூவா தலையா போடுவதும் இதுவும் ஒன்று. நாலு ஆளை ஒருங்கிணைத்துச் செய்த தாக்குதல் அந்த ஒரு உருட்டலில் காற்றோடு போகும்.

ஸ்டார் வார்ஸில் திறமை இல்லை என்று சொல்லவரவில்லை. அது இருக்கும் இடம் வேறு. மறைவில் நிற்பவருக்குத் தற்காப்பு +4, அதாவது 20 சதவீதம். அதைவிடப் பெரியது, மறைவில் இருப்பவர் எல்லோரையும்விடக் கிட்டத்தில் உள்ள எதிரியாக இல்லாவிட்டால் அவரைக் குறிவைக்கவே முடியாது என்ற விதி. மலிவான ஒரு சிப்பாயை முன்னே நிறுத்தித் தலைவரை மறைவில் வைத்தால் பகடைக்கு வேலையே இல்லை. அடுத்தது யாரை எப்போது இயக்குவது. முறைக்கு இரண்டு பேர் வீதம் மாறி மாறி இயக்க வேண்டும். மலிவான ஆட்களை முதலில் அசைத்துப் பெரிய ஆளைக் கடைசிவரை இழுத்தடித்தால், எதிரி தன் காய்களை எல்லாம் காட்டிய பிறகு நீங்கள் அடிக்கலாம். ஜெனரல் டோடோனா என்ற தலைவர் பொம்மை அணியில் இருந்தால் முறைக்கு ஒருவரை மட்டும் இயக்கவும் முடியும். ஆனால் அடுத்த சுற்றில் யார் முதல் என்பதை மறுபடியும் ஒரு இருபதுமுகப் பகடை தீர்மானிக்கிறது. கடைசியில் அடித்து, அடுத்த சுற்றில் முதலில் அடிக்கும் அந்த இரட்டை வாய்ப்பு பல ஆட்டங்களை முடித்துவைக்கும். யார் முதல் என்பதைப் பெரும்பாலும் தாமே தீர்மானிக்க உதவும் மாஸ்டர் டாக்டீஷியன் திறன் உள்ள த்ரான் போன்றவர்களுக்குக் கிராக்கி வந்ததே இதனால்தான்.

பெட்டி அதிர்ஷ்டத்தில் இரண்டும் ஒரே ரகம். ஸ்டார் வார்ஸ் பெட்டியில் ஏழு பொம்மை, அதில் அரியது ஒன்று. பெட்டியை அங்கேயே பிரித்து ஆடும் போட்டி தவிர, தனியாக விற்கும் பொம்மைகளை வாங்கினால் இந்த அதிர்ஷ்டம் பணக்கணக்காக மாறிவிடும். ஹீரோகிளிக்ஸ் விதிகள் பலமுறை திருத்தப்பட்டவை. ப்ராபபிலிட்டியின் தூரம் முதலியவை பதிப்புக்குப் பதிப்பு மாறும். எந்தப் பதிப்பில் ஆடுகிறோம் என்பதை எதிரில் இருப்பவரோடு முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அதிர்ஷ்டத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்க நினைப்பவருக்கு 2012-ல் வந்த எக்ஸ்-விங் என்ற விண்கலச் சண்டை விளையாட்டு உண்டு. அங்கே உள்ளே என்ன என்பது பெட்டியிலேயே எழுதியிருக்கும். தாக்குதலுக்கான சிவப்புப் பகடை ஒன்று அடியாகும் வாய்ப்பு 50 சதவீதம், ஃபோகஸ் டோக்கன் (குறியைக் கூர்மையாக்கும் வில்லை) இருந்தால் 75. ஆனால் எங்கே பறப்பது என்பதை இருவரும் மறைத்து முடிவு செய்வதால் எதிரியின் மனதை ஊகிக்க வேண்டும். அது தனிக்கலை, வேறொரு நாள் பேசலாம்.

ஹீரோகிளிக்ஸில் இறங்குபவர் முதலில் தேட வேண்டியது பெரிய சூப்பர்ஹீரோவை அல்ல. ரன்னிங் ஷாட் உள்ள அடிக்கும் ஆள் ஒருவர், ப்ராபபிலிட்டி, பெர்ப்ளெக்ஸ், அவுட்விட் தரும் துணையாட்கள் இருவர் அல்லது மூவர். வாங்கும் முன் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். முதல் கிளிக்கிலேயே மறைந்துவிடும் ப்ராபபிலிட்டிக்குப் புள்ளி குறைவாகத்தான் இருக்கும். ஒரே அடியில் அது போய்விடும். மூன்று நான்கு கிளிக் நிலைக்கும் ஆளுக்குக் கூடுதலாகப் பத்துப் பதினைந்து புள்ளி கொடுக்கலாம்.