போத்து அழுகலுக்கு எது: கார்பெண்டசிமா, போர்டோவா, டிரைக்கோடெர்மாவா?

நல்லமிளகுக் கொடி படர நடும் முள்முருக்குப் போத்துகளும் (கிளைக் கம்புகளும்), விதையில்லாமையால் வேர்த்துண்டு மூலம் பெருக்கப்படும் சீமைப்பலாவும் குலசேகரம், திருவட்டாறு வட்டாரத்து நாற்றுப் பண்ணைகளில் அழுகும்போது, பெரும்பாலானோர் கை முதலில் கார்பெண்டசிம் என்னும் பூஞ்சைக்கொல்லியை நோக்கியே நீள்கிறது. லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, நடுமுன் 15 நிமிடம் ஊறவைத்தால் போதும் என்பதால் அது எளிய வழிதான். மேல்நுனியிலிருந்து கருத்துக் காய்ந்து இறங்கி, பட்டையில் கரும்புள்ளிகள் எழும் லாசியோடிப்ளோடியா பூஞ்சை நோயை அது தடுக்கவும் செய்யும்.

ஆனால் ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் பொழியும் குமரி மாவட்டத்தில், நாற்றுப் பையின் மண் உலர வாய்ப்பில்லாத மாதங்களில் அடித்தண்டை நீர்கோத்துக் கருக்கச் செய்பவை பெரும்பாலும் பித்தியமும் பைட்டோப்தோராவும் ஆகும். பூஞ்சையைப் போலத் தோன்றினாலும் இவை வேறு இனத்தவை. கார்பெண்டசிம் இவற்றைத் தொடுவதில்லை. அளவு போதவில்லை என்று எண்ணி அதே மருந்தை இரட்டிப்பாக்குவது வீண்செலவு.

1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் சேர்ந்த 1 சதவீதப் போர்டோ கலவை பூஞ்சை, பூஞ்சை போன்றவை என இரு வகையையும் தடுக்கும். எனினும் அது வெளிப்பூச்சு மட்டுமே. உள்ளே புகுந்த நோயை ஆற்றாது. அன்றன்றே கலக்க வேண்டும். தோய்த்த இரும்புக் கத்தியில் செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு குறைவென்று பொருள், அதைத் தெளித்தால் தளிர் கருகும்.

நற்பூஞ்சையான டிரைக்கோடெர்மா இவற்றிலிருந்து வேறுபட்டது. 1 கிலோவை 100 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காத்து, நிழலில் 15 நாள் பெருக்கிய பின்பே பைமண்ணில் சேர்க்க வேண்டும். அழுகத் தொடங்கிய கம்பை அது மீட்காது. அதைவிட முக்கியமாக, கார்பெண்டசிமில் ஊறிய கம்பை அம்மண்ணில் நட்டால், நன்மை செய்ய வேண்டிய அடித்தண்டருகிலேயே அந்த நற்பூஞ்சை மடிகிறது. 'இரண்டும் செய்தும் பயனில்லை' என்ற புலம்பலுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

எனவே மழைக்கால நடவுக்கு மருந்தில் ஊறவைக்காத கம்பு, டிரைக்கோடெர்மா மண், அடைபடாத வடிதுளைகள் என்பதே என் தேர்வு; துளை அடைபட்ட பையில் கார்பெண்டசிம், போர்டோ, டிரைக்கோடெர்மா மூன்றுமே தோற்கும். போர்டோவைத் துளிர்த்த இலைகளுக்கு மட்டும், மண்ணில் வடியாதபடி தெளிக்கலாம். கார்பெண்டசிமைக் கோடையில், நுனிக்கருகல் கண்ட தாய்மரத்துக் கம்புகளை வெறும் மணற்பாத்தியில் வேர்விடச் செய்யும்போது வைத்துக்கொள்ளலாம்.