கண்டாங்கியில் கலெக்‌ஷன், கேமரா முன்னால் கண்டாங்கி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

காரைக்குடிக் கண்டாங்கியை வெட்டி உடை தைத்து, போட்டோ ஷூட் வரை கொண்டுபோக முடியுமா என்று ஃபேஷன் டிசைன் முடித்து முதல் கலெக்‌ஷனில் இறங்குகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக முடியும். சென்னையில் சின்னதாக ஒரு லேபிள் நடத்துகிறேன், என் உடைகளில் பாதிக்கு மேல் இந்தத் துணிதான். புதுசாக இருந்தபோது பார்த்ததையும், பல சலவையும் பல ஷூட்டும் தாண்டிய பின் பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

செட்டிநாட்டுப் பருத்திச் சேலை இது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அழுத்தமான நிறங்கள், பெரிய கட்டங்கள், அகலமான கரை. ஷூட்டுக்கு இந்த மூன்றுமே பலம். மாடல் பத்தடி தள்ளி நின்றாலும் படத்தில் துணி தன்னை அடையாளம் காட்டிவிடும். மெல்லிய பிரிண்ட் போட்ட துணிகள் அந்தத் தூரத்தில் வெறும் சாயம் பூசினது போல ஆகிவிடுகின்றன.

வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடுவேன். கஞ்சி இறங்கும், துணியும் சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிடும். ஐந்தரை மீட்டர் சேலை ஐந்தரை மீட்டராகவே இருக்கும் என்று நம்பிப் பேட்டர்ன் போடக் கூடாது. சாயம் போகிறதா என்று பார்க்க, ஒரு ஓரத்தின் மேல் நனைத்த வெள்ளைத் துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் போதும். சிவப்பும் கறுப்பும்தான் சோதிக்க வேண்டிய நிறங்கள். லைட்டுக்குக் கீழே மாடலுக்கு வேர்க்கும், கக்கத்தில் சாயம் இறங்கி வெள்ளை லைனிங்கில் பிடித்துவிட்டால் அந்த உடையை அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் லைனிங்கையே உடையின் நிறத்துக்குப் பக்கமாக எடுக்கிறேன்.

இந்தத் துணியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வெட்டில்தான் இருக்கிறது. சேலையில் கரை நீளவாக்கில், பாவோடு, அதாவது தறியில் நீளமாகக் கட்டியிருக்கும் நூலோடு, சேர்ந்து ஓடுகிறது. அந்தக் கரை உடையின் கீழ் விளிம்பில் வர வேண்டுமென்றால் துணியைப் படுக்கவைத்து வெட்ட வேண்டும், அதாவது பாவு நூல் உடம்பைச் சுற்றி வரும், பாவுக்குக் குறுக்கே நெய்யப்படும் ஊடை நூல் மேலிருந்து கீழே இறங்கும். கல்லூரியில் சொல்லிக்கொடுக்கும் முறைக்கு இது நேர் எதிர். ஆனால் எங்கள் கட்டிங் மாஸ்டர் முதல் நாளே சொன்னார்: "கரையைக் கீழ வெச்சு வெட்டுங்கம்மா, கட்டம் தானா சேரும்." காரணம் தறியிலேயே இருக்கிறது. பாவு நூல்கள் அச்சு என்ற சீப்பு போன்ற தறிச் சட்டத்தின் பற்களுக்கு இடையில் மாட்டப்பட்டிருப்பதால் அவற்றின் இடைவெளி சேலையின் தொடக்கம் முதல் முந்தி வரை மாறுவதில்லை. ஊடை அப்படி இல்லை. நெசவாளர் ஒவ்வொரு இழையாக ஓட்டி அடிக்கிறார், கை அழுத்தம் கொஞ்சம் கூடும், குறையும். படுக்கவைத்து வெட்டும்போது குறுக்கே போகும் கோடுகள் எல்லாம் பாவுக் கோடுகள். பக்கத் தையலில் முன்பாகமும் பின்பாகமும் சேரும் இடத்தில் அவை நூல் பிசகாமல் பொருந்தும். நிமிர்த்தி வெட்டினால் அதே இடத்தில் ஊடைக் கோடுகள் வரும். மேலே பொருந்தினாலும் இடுப்புக்கு வரும்போது அரை விரல் தள்ளி நிற்கும். மாடல் பக்கவாட்டில் திரும்புகிற ஒவ்வொரு படத்திலும் அது தெரியும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சேலையின் அகலம் ஏறக்குறைய 48 அங்குலம், உடையின் நீளம் அதற்குள் அடங்க வேண்டும். உயரமான மாடலுக்குத் தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டில் எடுக்க முடியாது. கெண்டைக்காலோடு நிறுத்துவேன், இல்லாவிட்டால் இடுப்பில் தையல் கொடுப்பேன். இரண்டு பக்கமும் கரை வைத்த சேலையில் மேல்கரையை வீணாக்காமல் நெஞ்சுப் பட்டிக்கோ கைமுனைக்கோ எடுத்துக்கொள்ளலாம். உடல் பகுதியில் ஒரு கவுன், முந்தியில் கையில்லாத ஒரு மேல்சட்டை என்று ஒரே சேலையில் இரண்டு உடை பெரும்பாலும் எடுத்துவிடுகிறேன்.

இறுக்கமான வடிவங்களுக்கு மட்டும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நெசவு கொஞ்சம் தளர்வானது, இடுப்பை ஒட்டித் தைத்தால் தையல் ஓரத்தில் இழை விலகிப் பல்லிளிக்கும். உடம்பைத் தொடாமல் விழும் வெட்டுகள்தான் இதற்குப் பொருத்தம். ஷூட்டில் அளவு சரிசெய்ய முதுகுப்பக்கம் கிளிப் போடுவோம் இல்லையா, அந்தக் கிளிப்புக்குக் கீழே ஒரு துண்டுத் துணி வையுங்கள், அச்சு விழாது.

இனி வெளிச்சம். செங்கல் சிவப்பு நேரில் எவ்வளவு உயிரோடு இருக்கிறதோ, விலை குறைந்த எல்இடி லைட்டில் அவ்வளவு செத்துவிடும், பழுப்பும் மண்ணும் கலந்தது போல வரும். ஒரு லைட் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்ல அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சிஆர்ஐ எண்ணை மட்டும் பார்த்து ஸ்டூடியோ பிடிக்க வேண்டாம். அந்த எண் எட்டு மிதமான நிறங்களின் சராசரி, அடர் சிவப்பு அதில் சேர்வதே இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி மதிப்பு இருக்கிறது, ஸ்டூடியோவில் அதைக் கேளுங்கள். ஃபிளாஷோ, வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சமோ கிடைத்தால் இந்தக் கவலையே வேண்டாம். முதல் ஷாட்டில் மாடல் கையில் ஒரு கிரே கார்டை, அதாவது நிறம் ஒப்பிடப் பயன்படும் சாம்பல் அட்டையை, கொடுத்து எடுத்துவைத்தால், பிறகு எடிட்டிங்கில் நிறத்தை நேருக்குக் கொண்டுவருவது சுலபம். வாங்குகிறவர் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார், அவருக்குப் போய்ச் சேரும் சிவப்பும் படத்தில் பார்த்த சிவப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பெரிய கட்டங்களில் கேமராவுக்குச் சிரமம் இல்லை. பொடிக்கட்டமும் நெருக்கமான கோடும்தான் படத்தில் அலையலையாக நெளியும், துணியின் கோடுகளும் சென்சாரின் புள்ளி வரிசைகளும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது அது. இரண்டடி முன்னே பின்னே நகர்ந்து எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். வெளிர்மஞ்சள் அடிநிறமுள்ள துணிகளில் இன்னொன்று கவனிக்க வேண்டும். சாதாரணச் சலவைத்தூளில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கிறது, சில ஃபிளாஷ்களில் அது நீலம் பாய்ந்து தெரியும். நான் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில்தான் அலசுகிறேன்.

ஷூட் அன்றைக்கு ஸ்டீமர் மட்டும் போதாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் பருத்தியின் ஒவ்வொரு மடிப்பும் நிழல் விழுந்து பெரிதாகும். இஸ்திரிப் பெட்டியும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் கட்டாயம் எடுத்துப்போங்கள். உடை மாட்டிய பிறகு மாடலை உட்காரவிடாமல் நேராக ஃப்ரேமுக்குள் அழைத்துப் போக வேண்டும்.

மற்றத் துணிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். மதுரைச் சுங்குடி துப்பட்டாவுக்கும் பாவாடைக்கும் அருமை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததாக இருந்தால் புள்ளி இருந்த இடத்தில் சின்னக் குமிழ் நிற்கும், க்ளோசப்பில் அவ்வளவு அழகு. அதன் மேல் இஸ்திரி வைக்காதீர்கள். கோவைக் கோரா காட்டனில் பட்டு நூல் கலந்திருப்பதால் மினுக்கு உண்டு, விறைப்பாக நிற்கும், காலர் வைத்த ஜாக்கெட்டுக்கு அதுதான் என் தேர்வு.

காலம் போகப் போகக் கண்டாங்கி மென்மையாகிறது. ஆரம்பத்தில் தைத்த கவுன்களை இப்போதும் ஷூட்டுக்கு எடுக்கிறேன். விழுகிற விதம் புதுசைவிட நன்றாக இருக்கிறது, நடக்கும்போது உடம்போடு அசைகிறது. கறுப்பு மட்டும் வெளுத்துச் சாம்பலை நோக்கிப் போயிருக்கிறது. அவற்றை வெயிலில் உலர்த்துவதை நிறுத்தியதும் வெளுப்பு குறைந்திருக்கிறது. கரை ஓரங்கள் இன்னும் பிரியவில்லை.

வாங்கும்போது கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாயம் போட்ட நூல் காயாது, குழித்தறியில் ஈரம் ஏறும், வேலை நின்றுவிடும். தை மாத ஷூட்டுக்கு ஆவணிக்குள் சொல்லிவைத்தால்தான் நெசவாளரை அவசரப்படுத்தாமல் துணி கைக்கு வரும். ஒரே நிறம் என்று சொல்லி வாங்கினாலும் அடுத்த முறை தோய்த்த நூல் ஒரு சாயல் மாறியே இருக்கும், தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, இரண்டு மாடல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் குரூப் படத்தில் தெரிந்துவிடும். அதனால் தறியில் ஒருமுறை ஏற்றும் பாவில் எத்தனை சேலை இறங்கும் என்று நெசவாளரிடம் முதலில் கேட்டுக்கொள்கிறேன், அந்தக் கலெக்‌ஷனில் அந்த நிறத்துக்கு எத்தனை உடை என்பதை அதற்குப் பிறகுதான் வரைகிறேன்.